எல்இடிக்கு எத்தனை மில்லி ஆம்பியர்?

மாலை ஏழு மணி வாக்கில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். வீட்டுக்கு வீடு மோட்டார் போடுகிற நேரம் அது. 230 காட்ட வேண்டிய மீட்டர் 180 காட்டும். மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றும். பழைய சோக் வைத்த டியூப்லைட் எரிய மாட்டாமல் இரண்டு முனையிலும் சிவந்து சிமிட்டிக்கொண்டிருக்கும். பூஜை அறையில் யாராவது இன்னும் குண்டு பல்பு வைத்திருந்தால் அதன் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். கூடத்தில் எரிகிற 9 வாட் எல்இடி பல்புக்கு மட்டும் இது எதுவுமே தெரியாது. 230இல் எப்படி எரிந்ததோ 180இலும் அப்படியே எரியும்.

இந்த வித்தியாசத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். எல்இடி நல்ல சரக்கு, அதனால் எரிகிறது என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை எல்இடியால் கொஞ்சமும் பொறுத்துக்கொள்ள முடியாது. அதைக் காப்பாற்றி வைத்திருப்பது பல்பின் கழுத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன சர்க்யூட். கடைக்காரர்கள் அதை டிரைவர் என்பார்கள். எது எப்படிப் போனாலும் எல்இடிக்குள் ஒரே அளவு கரண்ட் ஓடும்படி பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இதற்கு நிலை மின்னோட்டச் சுற்று என்று பெயர். கோவில்பட்டியில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் காலத்திலிருந்து சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். இப்போது மேசைக்கு வருவதில் பெரும்பாதி எல்இடி சாமான்கள். ‘எல்இடி போய்விட்டது’ என்று கொண்டுவருகிறார்கள். பிரித்துப் பார்த்தால், அதற்குக் கரண்ட் கொடுத்த விதம் சரியில்லாமல்தான் பெரும்பாலும் போயிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

கடைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “அண்ணாச்சி, இது எத்தனை வோல்ட் எல்இடி?” என்றுதான். குண்டு பல்புக்கும் மிக்ஸிக்கும் கேட்டுப் பழகிய கேள்வி. நான் திருப்பிக் கேட்பது, “எத்தனை மில்லி ஆம்பியர் கொடுக்கப் போறீங்க?”

எங்கள் பக்கம் கண்மாய் மறுகால் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். தண்ணீர் கலிங்கு மட்டத்துக்கு வரும்வரை ஒரு சொட்டு வெளியே போகாது. மட்டத்தைத் தொட்டதும் மெல்ல வழியும். அதற்கு மேல் ஒரு சாண் ஏறினால் ஓடையில் ஆள் இறங்க முடியாது. கண்மாயின் நீர்மட்டம் வோல்டேஜ் என்றால், மறுகாலில் பாய்கிற தண்ணீர் கரண்ட். சாதாரண ரெசிஸ்டருக்கு இரட்டிப்பு வோல்டேஜ் கொடுத்தால் இரட்டிப்புக் கரண்ட் ஓடும். எல்இடி ஒரு டயோடு. அது அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.

ஒரு சாதாரண 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடியை மேசையில் வைத்து மெல்ல மெல்ல வோல்டேஜ் ஏற்றிப் பாருங்கள். 2.5 வோல்ட் வரை ஏறக்குறைய இருட்டு. 3.0 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியருக்குக் கீழே ஓடி, பளிச்சென்று தெரியும். 3.2 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர். அது தாங்கும் அளவு அதுதான். 3.4 வோல்ட்டில் 40ஐ நெருங்கிவிடும். மேலே போன 0.2 வோல்ட் எவ்வளவு? ஒரு டார்ச் பேட்டரி புதியதாக இருப்பதற்கும் பாதி தீர்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம்கூட இல்லை. அந்தத் துளி வித்தியாசம் எல்இடிக்குள் ஓடும் கரண்டை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

இதோடு முடிந்தாலும் பரவாயில்லை. எல்இடி சூடாகச் சூடாக அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் குறைந்துகொண்டே வரும். ஒரு டிகிரிக்கு இரண்டு மில்லி வோல்ட்டோ சற்றுக் கூடவோ குறையும். 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.1 வோல்ட். வெளியிலிருந்து கொடுக்கும் வோல்டேஜை 3.2 என்று அசையாமல் பிடித்து வைத்தாலும், உள்ளே கலிங்கின் மட்டமே இறங்கிவிடுகிறது. கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் இன்னும் கரண்ட். இந்தச் சுழலில் மாட்டிய எல்இடி நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியோடு என் மேசைக்கு வரும்.

விலை மலிவான சார்ஜ் டார்ச்சுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? 4 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு எல்இடிகளைப் பக்கம் பக்கமாகக் கோத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த எல்இடிகளாக இருந்தாலும் ஒன்றுக்கு 3.1 வோல்ட் போதும், இன்னொன்றுக்கு 3.3 வேண்டும். குறைந்த வோல்டேஜில் எரிகிற எல்இடி மற்றவற்றின் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், சூடாகும், இன்னும் இழுக்கும், முதலில் சாகும். அதன் பங்கு மிச்சமிருப்பவற்றின் தலையில் விழும். அடுத்த பலவீனமான எல்இடி போகும். டார்ச்சில் ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டே வருவதற்குக் காரணம் இதுதான். எல்இடிகளை வரிசையாக, ஒன்றின் வால் அடுத்ததன் தலையைத் தொடும்படி கோத்தால் இந்தச் சிக்கல் வராது. ஒரே கம்பியில் ஓடும் கரண்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே.

ஏன் 3.2 வோல்ட் என்ற கேள்வி பாலிடெக்னிக் பிள்ளைகளிடமிருந்து வரும். நிறம்தான் காரணம். 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்து காட்டினார். சிவப்பு ஒளித்துகளுக்கு ஆற்றல் குறைவு என்பதால் இரண்டு வோல்ட்டை ஒட்டியே எரிந்துவிடும். நீலத்துக்கு ஆற்றல் அதிகம், மூன்று வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நீல எல்இடி கைக்கு வர அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஆனது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி உள்ளுக்குள் நீல எல்இடிதான். அதன் மேல் பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே வெள்ளைக்கும் நீலத்தின் வோல்டேஜ்தான்.

கரண்டைப் பிடித்து வைக்கும் வேலை எல்இடியோடு பிறந்ததும் இல்லை. டியூப்லைட்டின் சோக் எதற்கு இருக்கிறது? குழாய்க்குள் வாயு ஒருமுறை மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிட்டால் நிறுத்தாமல் மேலும் மேலும் கரண்டை இழுக்கும். நேராக லைனில் கொடுத்தால் அந்த நொடியே தீர்ந்தது. 40 வாட் குழாயில் 0.4 ஆம்பியரை ஒட்டி அதை நிறுத்தி வைப்பது அந்தச் சோக்தான். எங்கள் தலைமுறை எலெக்ட்ரீஷியன்களுக்கு எல்இடி டிரைவரைப் புரியவைக்க ‘இது எல்இடியின் சோக்’ என்ற ஒரு வார்த்தை போதும்.

விமான நிலைய ஓடுதளத்திலும் இதே எண்ணம்தான். அங்கே ஓரமாக எரியும் விளக்குகளை, உலகெங்கும் பெரும்பாலும், ஒரே தொடராகக் கோத்து அதிகபட்சம் 6.6 ஆம்பியர் என்று நிலைநிறுத்திய கரண்டை ஓட்டுகிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதும் கரண்டை மாற்றித்தான். ஓடுதளம் இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளம். வோல்டேஜ் கொடுத்தால் கம்பியின் தூரத்தில் இறங்கிக் கடைசி விளக்கு மங்கிவிடும். கரண்டை நிலையாகக் கொடுத்தால் முதல் விளக்கும் கடைசி விளக்கும் ஒரே பிரகாசம். மேலேயிருந்து இறங்குகிற விமானிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இனி எங்கள் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். ஒரே வியாதியோடு இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். இரண்டு பேருடைய புகாரும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ஒருவர் குட்டியானை ஓட்டுகிற தம்பி. தீப்பெட்டி ஆபீஸ்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். பின்பக்கம் ராத்திரியில் சரக்கு தெரியவேண்டும் என்று எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டியிருந்தார். “அண்ணாச்சி, எந்தக் கடையில வாங்கி ஒட்டினாலும் ரெண்டு மாசம்தான். மூணு மூணா செத்துப்போகுது” என்றார். இன்னொருவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் குழிப்பணியாரம் போடுகிற ஆச்சி. பழைய பைக் பேட்டரியில் மூன்று எல்இடி எரியும். “எய்யா, வெளக்கு வைக்கையில கண்ணு கூசுது. எட்டு மணிக்கு மேல மாவு வெந்துச்சா வேகலையான்னே தெரியலய்யா” என்றார்.

தம்பியுடைய ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் உள்ளே மூன்று எல்இடி ஒரு வரிசை, அதோடு ஒரு ரெசிஸ்டர். அதனால்தான் மூன்று மூன்றாகச் செத்தது. மூன்று எல்இடிக்கு 3.2 வீதம் 9.6 வோல்ட். 12இல் மிச்சம் 2.4. அதை 120 ஓம் ரெசிஸ்டர் வாங்கிக்கொண்டால் 20 மில்லி ஆம்பியர். கணக்கு ரொம்பச் சரி, வண்டி 12 வோல்ட்டில் இருக்கும்வரை. எஞ்சின் ஓடும்போது எந்த வண்டியிலும் 12 இருக்காது. பேட்டரி சார்ஜ் ஏறவேண்டும் என்பதால் 14.4 வரை போகும். இப்போது ரெசிஸ்டரின் தலையில் 4.8 வோல்ட். கணக்குப்படி 40 மில்லி ஆம்பியர். எல்இடியின் வோல்டேஜும் கொஞ்சம் ஏறுவதால் அளந்தால் 35 வரும். வண்டியின் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. கரண்ட் முக்கால் பங்கு கூடிவிட்டது. அதோடு வெயிலில் காய்கிற தகரத்தின் மேல் ஒட்டியிருக்கிறது. இரண்டு மாதம் எரிந்ததே பெரிது.

ஆச்சியின் விளக்கில் இதே கணக்கு தலைகீழாக ஓடியது. அது 1 வாட் எல்இடி மூன்று, தொடராக, 8 ஓம் ரெசிஸ்டரோடு. 12 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் என்று யாரோ கணக்குப் போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த பேட்டரி 12.6 காட்டும்போது 375. விளக்கு வைக்கையில் கண் கூசியது இதனால். தேய்ந்த பேட்டரி என்பதால் எட்டு மணிக்குள் 11 வோல்ட்டுக்கு வந்துவிடும். அப்போது கணக்கில் 175, நிஜத்தில் 200ஐ ஒட்டி. பாதி வெளிச்சம் போய்விட்டது.

ரெசிஸ்டர் கெட்ட பொருள் இல்லை. வோல்டேஜ் ஆடாத இடத்தில், ஒரு மெஷினின் பச்சை இண்டிகேட்டர் விளக்குக்கு, அதைவிட நல்ல வழி கிடையாது. ஆடுகிற இடத்தில் அதனால் தாங்க முடியாது. ஆட்டம் முழுவதும் அந்த மிச்சமான 2.4 வோல்ட்டின் மேல்தான் விழுகிறது. மிச்சம் சின்னதாக இருக்க இருக்க, ஆட்டம் பெரிதாகத் தெரியும்.

இரண்டு பேருக்கும் நான் கட்டிக் கொடுத்தது ஒரே சர்க்யூட். இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர். இதை நான் எத்தனை முறை கட்டினாலும் மனசு நிறைகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் டிரான்சிஸ்டர் பெரியது, பிடி139. எல்இடி வரிசை வழியாக வருகிற கரண்ட் முழுவதும் இதன் வழியாகத்தான் தரைக்கு இறங்கவேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு 560 ஓம் ரெசிஸ்டர் இதன் பேஸுக்குக் கரண்ட் கொடுத்து ‘திற’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதன் எமிட்டருக்கும் தரைக்கும் நடுவே 2.2 ஓம் என்று மிகச் சின்ன ரெசிஸ்டர் ஒன்று. இதுதான் அளவுகோல். எல்இடியில் எவ்வளவு ஓடுகிறதோ அதற்கேற்ற சின்ன வோல்டேஜ் இதன் மேல் தோன்றும். இரண்டாவது டிரான்சிஸ்டர் சின்னது, பிசி547. அதன் பேஸை இந்த அளவுகோலின் மேல்முனையில் தொட வைக்கிறோம். சிலிக்கான் டிரான்சிஸ்டர் எதுவும் பேஸில் சுமார் 0.65 வோல்ட் வந்தால்தான் விழிக்கும். 300 மில்லி ஆம்பியரை ஒட்டிக் கரண்ட் வந்ததும் 2.2 ஓமின் மேல் சரியாக 0.65 வோல்ட் தோன்றும். பிசி547 விழித்துக்கொள்ளும். பெரிய டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிற கரண்டைப் பிடித்துத் தரைக்குத் தள்ளிவிடும். பெரியது கொஞ்சம் மூடும். கரண்ட் குறைந்தால் பிசி547 கண் அசரும், பெரியது திறக்கும். இந்த இழுபறியில் கரண்ட் 300ஐ விட்டு அசையாது. பேட்டரி 12.6 ஆனாலும் 11 ஆனாலும் எல்இடிக்குத் தெரியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சூட்டில் இது நடந்துகொள்ளும் முறை. பிசி547 சூடானால் 0.65 வேண்டியதில்லை, கொஞ்சம் குறைவிலேயே விழித்துக்கொள்ளும். டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் குறையும். 40 டிகிரி ஏறினால் கரண்ட் தானாக எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். எல்இடி சூட்டில் கேட்டை நோக்கிப் போகிற பொருள். இந்தச் சர்க்யூட் சூட்டில் கையைச் சுருக்கிக்கொள்கிறது. ஒன்றின் குணத்துக்கு இன்னொன்றின் குணம் மருந்தாக அமைந்தது.

ஆச்சிக்கு 2.2 ஓம். தம்பியின் வண்டியில் பத்து வரிசை கொண்ட ஸ்ட்ரிப், மொத்தம் 200 மில்லி ஆம்பியர் போதும் என்பதால் 3.3 ஓம். மற்றதெல்லாம் ஒன்றுதான். இந்தச் சர்க்யூட் தனக்கென்று எடுத்துக்கொள்வது ஒரு வோல்ட் அளவுதான். அதனால் 9.6 வோல்ட் வரிசையை, பேட்டரி 10.8க்கு வந்து தீர்ந்துபோகிறவரை எரிய வைக்க முடிகிறது. அதற்குக் கீழே விடவும் கூடாது, பேட்டரி கெட்டுவிடும்.

புத்தகம் படித்துவிட்டு வருகிற மாணவர்கள், “எல்எம்317 போட்டா இன்னும் சுலபமாச்சே சார்?” என்பார்கள். சரிதான். 1976இல் அமெரிக்காவில் நேஷனல் செமிகண்டக்டரில் பாப் டாப்கின் வடிவமைத்த அந்த மூன்று கால் ஐசி இன்றும் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது. அது தன் இரண்டு கால்களுக்கு நடுவே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்தால் போதும், கரண்ட் பூட்டிக்கொள்ளும். 62 ஓம் வைத்தால் 20 மில்லி ஆம்பியர். 3.6 ஓம் வைத்தால் 350க்கு ஒட்டி. அழகான வழி. ஆனால் அந்த 1.25 வோல்ட்டோடு, ஐசி வேலை செய்ய இன்னும் ஒன்றே முக்கால் வோல்ட்டாவது வேண்டும். மொத்தம் மூன்று. 9.6ஓடு மூன்றைக் கூட்டினால் 12.6. ஆச்சியின் பேட்டரி அந்த வோல்டேஜை வண்டி தள்ளிக்கொண்டு வருவதற்குள் இழந்துவிடும். 24 வோல்ட் லாரியில் ஆறு எல்இடியைத் தொடராகக் கோக்கும்போது எல்எம்317 பிரமாதமாக வேலை செய்யும். எங்கே எத்தனை வோல்ட் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் சர்க்யூட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

மிச்சம் அதிகமாக இருந்தாலும் ஆபத்து. 12 வோல்ட்டிலிருந்து ஒரே ஒரு 1 வாட் எல்இடியை எரிக்கிறீர்கள் என்று வையுங்கள். எல்இடிக்குப் போவது 3.2 வோல்ட். மீதி 8.8 வோல்ட்டும் ஐசியிலும் ரெசிஸ்டரிலும் வெறும் சூடாகப் போகிறது. பேட்டரியிலிருந்து எடுத்தது 4 வாட்டுக்கு மேல், விளக்குக்குப் போனது 1 வாட்டைச் சற்றுத் தாண்டி. இப்படி வீணாக்க மனம் வராத இடங்களில் சுவிட்சிங் டிரைவர் வருகிறது. அதில் டிரான்சிஸ்டர் பாதி திறந்து பாதி மூடி நின்று சூடாவதில்லை. முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும், நொடிக்குப் பல்லாயிரம் முறை. திறந்திருக்கும்போது ஒரு காயிலுக்குள் காந்தமாக ஆற்றல் சேரும். மூடியதும் அந்தக் காயில் சேர்த்ததை எல்இடிக்குத் தரும். அளவுகோல் ரெசிஸ்டர் இங்கேயும் உண்டு. அதைப் பார்த்துத்தான் ஐசி எப்போது மூடுவது என்று முடிவு செய்கிறது. நூறு பங்கு எடுத்தால் 85, 90 பங்கு விளக்குக்குப் போய்ச் சேரும்.

வீட்டு பல்புக்குள் இருப்பது இதுதான். 230 வோல்ட் ஏசி உள்ளே வந்ததும் டிசியாகி 325 வோல்ட் உச்சத்தைத் தொடும். அங்கிருந்து டிரைவர் அதை இறக்கி, எல்இடித் தட்டுக்கு நிலையான கரண்டாகக் கொடுக்கிறது. லைனில் வோல்டேஜ் இறங்கினால் லைனிலிருந்து கொஞ்சம் அதிகக் கரண்ட் இழுத்து ஈடு கட்டிக்கொள்ளும். ஏழு மணிக்கு எங்கள் தெருவில் நடப்பது அதுதான். காயில் இல்லாத, டிஓபி என்று சொல்கிற மலிவான பல்புகளும் உண்டு. எல்இடித் தட்டிலேயே ஐசியையும் ஒட்டியிருப்பார்கள். வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் அவை மங்கும், சிமிட்டும். பல்பு வாங்கும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

இந்தியாவில் எல்இடி பல்பு வீடுதோறும் வந்தது கண்ணெதிரே நடந்த கதை. 2014இல் அரசுத் திட்டத்துக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது பல்பு ஒன்று 310 ரூபாய். 2016இல் 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஏழை வீட்டுக்கும் நல்ல வெளிச்சம் கிடைத்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். அதே காலத்தில் பெயர் தெரியாத பெட்டிகளில் வந்த பல்புகளைப் பிரித்துப் பார்த்து வருத்தமும் பட்டிருக்கிறேன். எல்இடி சிப் எண்ணிக்கையைக் குறைத்து, இருக்கிற சிப்பில் தாங்கும் எல்லை வரை கரண்டை ஏற்றியிருப்பார்கள். வாங்கின அன்று பளபளவென்று எரியும். வருஷம் திரும்புமுன் ஒரு சிப்பில் கறுப்புப் புள்ளி விழும். தொடரில் ஒன்று அறுந்தால் மொத்தமும் இருட்டு.

பழுதுபார்ப்பவர்கள் அந்தக் கறுப்புப் புள்ளி சிப்பை நீக்கி, அந்த இடத்தை ஈயம் வைத்துச் சேர்த்துவிடுவார்கள். பல்பு எரியும். ஒன்றைக் குறைத்தும் மற்றவை ஏன் எரிந்துபோவதில்லை? டிரைவர் கொடுப்பது கரண்ட். சிப் பத்து இருந்தாலும் ஒன்பது இருந்தாலும் அதே கரண்டைத்தான் கொடுக்கும். ஆனால் முதல் சிப்பைக் கொன்ற சூடு அப்படியே இருக்கிறதே. அடுத்தது போகும். அதனால் நான் இன்னொரு வேலையும் செய்கிறேன். டிரைவரில் அளவுகோலாகப் பக்கம் பக்கமாக இரண்டு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துவிடுவேன். கரண்ட் ஏறக்குறைய பாதியாகும். வெளிச்சம் பாதியாகாது, பாதிக்கு மேலேயே நிற்கும். குறைந்த கரண்டில் எல்இடி கூடுதல் திறமையோடு வேலை செய்யும் பொருள். சூடோ பாதிக்கும் கீழே போய்விடும். சமையலறைக்கு ஒரு பல்புக்குப் பதில் இப்படி இரண்டு மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தனுப்புவேன்.

என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்லமாட்டேன். 2016இல் துபாய் மாநகராட்சியோடு சேர்ந்து பிலிப்ஸ் கொண்டுவந்த ‘துபாய் லாம்ப்’ இதே தத்துவம்தான். ஒவ்வொரு பல்பிலும் வழக்கத்தைவிட அதிக எல்இடிகள், ஒவ்வொன்றுக்கும் வழக்கத்தைவிடக் குறைந்த கரண்ட். வாட்டுக்கு 200 லூமன். சாதாரண பல்புகள் அப்போது 100ஐ ஒட்டித்தான் கொடுத்தன. 3 வாட் பல்பு 60 வாட் குண்டு பல்பின் வேலையைச் செய்தது. துபாயில் வேலை பார்க்கிற பக்கத்துத் தெருப் பிள்ளை ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். மணிக்கணக்கில் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். உலகம் மற்ற பல்புகளை அப்படிச் செய்யாதது, செய்யத் தெரியாததால் இல்லை. எல்இடி சிப்பைக் கூடுதலாக வைத்தால் விலை கூடும், பல்பு நெடுநாள் உழைத்தால் விற்பனை குறையும். எல்லா ஊர்க் கடைகளிலும் இப்படிப்பட்ட பல்பு கிடைக்கவேண்டும், அதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்க நாமும் தயாராக இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட வேண்டாம். பல்புக்குள் இருக்கும் டிரைவர் பெரும்பாலும் லைனிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. எல்இடித் தட்டைத் தொட்டால் வீட்டு லைனைத் தொட்ட மாதிரிதான். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். பேட்டரியில் எரிகிற விளக்கில் எத்தனை வேண்டுமானாலும் பழகுங்கள். லைன் பல்பைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்இடி பேனலுக்கோ ஃபோகஸ் லைட்டுக்கோ தனியாக டிரைவர் வாங்க நேர்ந்தால் வாட்டை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். டிரைவரின் முதுகில் ‘அவுட்புட் 24–42 வோல்ட், 300 மில்லி ஆம்பியர்’ என்று எழுதியிருக்கும். 300 என்பதுதான் அது கொடுக்கப்போகும் கரண்ட். பழைய டிரைவரில் எத்தனை எழுதியிருந்ததோ அதே எண், அல்லது அதற்குக் குறைவு. கூடுதல் கூடவே கூடாது. 24 முதல் 42 வரை என்பது எல்இடி வரிசைக்குத் தேவையான வோல்டேஜ் அந்த எல்லைக்குள் இருக்கவேண்டும் என்று சொல்கிறது. மாட்டும்போது முதலில் எல்இடியை டிரைவரோடு இணைத்துவிட்டு அப்புறம் லைன் சுவிட்சைப் போடுங்கள். எல்இடி இல்லாமல் டிரைவரை ஓடவிட்டால் கரண்ட் போக வழியில்லாமல் அதன் கடைசிக் கெப்பாசிட்டர் உச்ச வோல்டேஜுக்கு ஏறி நிற்கும். அந்த நிலையில் எல்இடியைத் தொட வைத்தால், டிரைவர் நிதானத்துக்கு வருவதற்குள் கெப்பாசிட்டரில் சேர்ந்ததெல்லாம் ஒரே நொடியில் அதற்குள் பாயும். புது எல்இடி மாட்டின கையோடு போய்விட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.